கடைசி வீட்டுப் படம்

ஒரே ஆண்டெனா எத்தனை வீட்டைத் தாங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தொழிலில் இறங்கியிருக்க மாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் கடத்தூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. ஊரில் டிவி வாங்கியவர்கள் எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டிருந்த காலம். தருமபுரியில் டிவி வாங்கி, பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்து, சந்தனம் குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டால் புள்ளிதான் ஓடும். தெற்கே கொடைக்கானல் மலையிலிருந்து தமிழ் வந்தது, வடக்கே பெங்களூரிலிருந்து கன்னடம் வந்தது. இரண்டும் எங்கள் ஊரை எட்டுவதற்குள் சோர்ந்துபோய்விடும். அதை எட்டிப் பிடிக்க உயரமான குழாய் வேண்டும். குழாயைத் தாங்க மாடி வீடு வேண்டும். ஓட்டு வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஆண்டெனா கட்டிக்கொடுத்த என்னைத் திட்டுவார்.

திட்டு வாங்கி வாங்கி ஒருநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கடைவீதியில் புளி மண்டி வைத்திருந்தவரின் வீடுதான் அன்றைக்கு ஊரிலேயே உயரம். போர்வெல் போடுகிறவர்களிடம் பழைய இரும்புக் குழாய்களை வாங்கி, ஒன்றோடு ஒன்றைப் பற்றவைத்து, அவருடைய மொட்டை மாடியில் நிறுத்தினேன். நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆண்டெனாவையும் பூஸ்டரையும் மாட்டினேன். அங்கிருந்து ஒரு கருப்பு ஒயர் தெருத்தெருவாகப் போனது. வீட்டுக்கு வீடு அதிலிருந்து ஒரு கிளை. கிளை பிரிகிற இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்ப்ளிட்டர். மழை படாமல் இருக்க அதன் மேல் பால் பவுடர் டப்பா ஒன்றைக் கவிழ்த்துக் கட்டிவிடுவேன். குழந்தை இருக்கிற வீடுகளில் எல்லாம் டப்பா கேட்டு அலைந்திருக்கிறேன்.

காற்று பலமாக அடித்தால் ஆண்டெனா திரும்பிக்கொள்ளும். அன்றைக்கு ஊருக்கே வேடிக்கை. நான் மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதுங்களா?" என்று கத்துவேன். கீழே மண்டிக்காரர் வாசலில் நிற்பவர் அதையே அடுத்த வீட்டுக்குக் கத்துவார். அந்த வீடு அதற்கடுத்த வீட்டுக்கு. இப்படியே என் கேள்வி கடைவீதியைத் தாண்டி, பள்ளிக்கூட மூலையில் திரும்பி, மாதா கோயில் தெருவின் கடைசி வீடு வரைக்கும் போகும். பதில் அதே வழியில் திரும்பி வரும். "தெரியுதாம்!" "இல்லியாம்!" "தலதான் தெரியுதாம், காலு இல்லியாம்!" நடுவில் இருப்பவர்கள் தங்கள் பங்குக்கு எதையாவது சேர்த்துவிடுவார்கள். ஒருமுறை, "எறங்கி வரச் சொல்லு, சோறு ஆறுதாம்" என்று பதில் வந்தது. அது எந்த வீட்டில் கிளம்பியது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

வேடிக்கையெல்லாம் சரி. கணக்கு வேறு. ஆண்டெனாவில் விழுவது ஒரு படி என்றால் அந்த ஒரு படியைத்தான் எல்லாருக்கும் அளந்து போட வேண்டும். ஒவ்வொரு கிளையும் வருவதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு விடும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் முன்னால் இருப்பவருக்கு நஷ்டம் இல்லை, பின்னால் இருப்பவருக்குத்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கேட்டவர்களுக்கெல்லாம் இழுத்துக் கொடுத்தேன். ஒருவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் முகத்தில் தினமும் விழிக்க முடியாத ஊர் அது. அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். ஆசை என்று சொன்னாலும் தப்பில்லை.

யாருக்கு எவ்வளவு என்பதை நான்தான் தீர்மானித்தேன். மாடி மண்டிக்காரருடையது, அதனால் முதல் பங்கு அவருக்கு. அப்புறம் கடைவீதி. படம் கொஞ்சம் மங்கினாலும் என் கடை வாசலில் வந்து நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவர்கள் அவர்கள். உடனே ஓடிப்போய் ஸ்ப்ளிட்டரை மாற்றுவேன், பூஸ்டரைத் திருகுவேன். சத்தம் போடுகிறவர் வீட்டில் படம் தெளிவாக இருக்கும், பேசாமல் இருப்பவர் வீட்டில் புள்ளி ஓடும். இதுதான் என் தொழில் தர்மமாக இருந்தது.

பேசாமல் இருந்தவர்கள் மாதா கோயில் தெருக்காரர்கள். அதிலும் கடைசி வீடு.

அது ஒரு ஓட்டு வீடு. புருஷன், பெண்டாட்டி, ஒரு மகள். கொஞ்சம் மானாவாரிக் கொல்லை, கேழ்வரகும் துவரையும் போடுவார்கள். மகள் வீட்டிலேயே மிஷின் வைத்துத் துணி தைத்தது. மகன் பட்டாளத்தில் இருந்தான். ஒரு லீவில் வந்தபோது அவன் வாங்கி வைத்துவிட்டுப் போனதுதான் அந்த டிவி. கருப்பு வெள்ளை, முன்னால் மரக்கதவு வைத்தது. கிளை ஒயரை நான் இழுத்துக் கொடுக்கும்போது அவன்தான் கூரை மேல் ஏறி எனக்குப் பிடித்துக்கொண்டான். நடக்கும்போது ஒரு தோளைக் கொஞ்சம் சாய்த்து நடப்பான். பட்டாளத்துக்குத் திரும்பும் நாளில் கடைக்கு வந்து, "எங்கம்மாவுக்குப் படம் நல்லாத் தெரியறாப்பல பாத்துக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவனிடமும் சொன்னேன்.

போன கொஞ்ச நாளில் அவனுடைய பட்டாளத்தை இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் காயிதம் வருவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. ஊரில் அந்தப் பட்டாளத்தைப் பற்றி நல்லபடியாகப் பேசினவர்கள் குறைவு. டீக்கடையில் அவனுடைய அப்பா வந்து உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று நின்று, பருத்தி விலைக்குத் தாவிவிடும். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் அந்தத் தெருவில் வேறு ஒரு வீட்டுக்கு வந்தவன், மனசு கேட்காமல் கடைசி வீட்டிலும் தலையை நீட்டினேன். நியூஸ் ஓடிக்கொண்டிருந்தது. நியூஸ் என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். திரையில் உப்பை வாரி இறைத்த மாதிரி புள்ளி. அதற்குள் என்னவோ சாம்பல் நிறத்தில் அசைந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இதற்கா மாசாமாசம் காசு கைநீட்டி வாங்குகிறோம் என்று அவமானமாக இருந்தது. அந்த அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு திரைக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, நல்ல நேரத்துலதான் வந்தீங்க. தா பாருங்க, மூணாவதா நடந்து வரான் பாருங்க. தோளச் சாச்சிக்கிட்டு. எம்பையன்."

நான் பார்த்தேன். பனைமரம் போல சில கோடுகள். அதன் கீழே வரிசையாக எதுவோ நகர்ந்தது. ஆளா மாடா என்றுகூடச் சொல்ல முடியாது.

"தெரியுதுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஊரையே நான் கேட்கிற கேள்வி.

"ஆமாங்கம்மா" என்றேன். தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து மகள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தது.

"இளைச்சிப் போயிட்டான்" என்றார் அம்மா. "நேத்து பாத்ததுக்கு இன்னிக்கி பரவால்ல."

அதற்கப்புறமும் நான் வீடுகளைச் சேர்த்தேன். கோயில் தெருவுக்கு முன்னாலேயே இன்னும் சில கிளைகள். கடைசி வீட்டில் புள்ளி இன்னும் தடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வழியில் பார்த்தால் நானாகவே, "படம் எப்படிங்கம்மா?" என்று கேட்பேன். "இருக்கட்டும் தம்பி, எனக்குத் தெரியறான்" என்பார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சோற்றில் கை வைக்கும்போதுகூட அந்தத் திரைதான் ஞாபகத்துக்கு வரும். அவன் சொல்லிவிட்டுப் போன வார்த்தை வேறு குத்திக்கொண்டே இருந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. கோயில் தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. கடைசி வீட்டிலும் சின்னதாக ஒன்று. அதைப் பார்த்தபோது, இந்த வருஷம் இந்த அம்மாவுக்கு நல்ல படத்தைக் காட்டிவிடுவது என்று முடிவுகட்டினேன். மண்டி மாடியிலிருந்து அந்த வீட்டுக்கென்றே தனியாக ஒரு ஒயர், நடுவில் எங்கேயும் கிளை இல்லை. பள்ளிக்கூட மூலை தாண்டி, கோயில் தெரு முனையில் ஒரு புங்க மரம் இருந்தது. அதுவரைக்கும் இழுத்து, அங்கே இன்னொரு பூஸ்டர் வைத்து, பழைய ஒயரைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சேர்த்தேன். பழையது கையளவு தள்ளி அந்த மரத்து டப்பாவுக்குள் சும்மா கிடந்தது. கைக்காசைப் போட்டுச் செய்தேன் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

படம் பளிச்சென்று வந்தது. நியூஸ் வாசிக்கிற பெண்ணின் காதுத்தோடு வரைக்கும் தெரிந்தது. மகள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றது. புருஷனும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பட்டாளத்துக்காரர்களைக் காட்டினார்கள். ஒரு ரோட்டில் நடந்து வந்தார்கள். மீசை தெரிந்தது, வேர்வை தெரிந்தது. ஒருவன் காமிராவைப் பார்த்துச் சிரித்தான், அவன் பல் இடுக்குகூடத் தெரிந்தது.

அம்மா முன்னால் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காட்சி மாறிவிட்டது. மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"எல்லாம் வேற வேற பசங்களா இருக்காங்களே."

"அங்க ஆயிரக்கணக்குல இருப்பாங்கம்மா. நாளைக்கி காட்டுவாங்க" என்றேன். அவர் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

சில நாள் கழித்து அந்த அம்மா கடைக்கு வந்தார். அதுவரை வந்ததே இல்லை. கடையில் ஆள் இருக்கவும் ஓரமாக நின்று, எல்லாரும் போன பிறகு கிட்ட வந்தார்.

"தம்பி, கோவிச்சிக்காதீங்க. அந்தப் பழைய ஒயரையே போட்டு உடுங்க."

"ஏங்கம்மா, படம் தெரியலீங்களா?"

"படம் தெரியுதுங்க. அவன்தான் தெரியல." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "புள்ளி ஓடறப்ப தெனமும் வருவான். இப்ப யார் யாரோ வராங்க, அவன் மட்டும் வரமாட்டங்கறான். எனக்கு அந்தப் படமே போதுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பூஸ்டருக்கு அலைந்ததும், வெயிலில் கம்பம் கம்பமாக ஏறியதும் நினைவுக்கு வந்தன. கோபத்தோடுதான் ஏணியைத் தூக்கிக்கொண்டு புங்க மரத்துக்குப் போனேன். ஏணியின் நடுப்படியில் நிற்கும்போதுதான் அவர் என்ன கேட்கிறார் என்பது உறைத்தது. பிறகு புதிய ஒயரைக் கழற்றி, பழையதைச் சேர்த்தேன்.

"தெரியுதுங்களா?" என்று கத்தினேன். கேள்வி வீடு வீடாகப் போனது.

"தெரியறானாம்!" என்று பதில் வந்தது. நடுவில் இருந்தவர்கள் யாரும் அன்றைக்கு எதையும் சேர்க்கவில்லை. கேட்டதை அப்படியே சொன்னார்கள்.

அவர் வேண்டாம் என்று விட்ட அந்த நல்ல ஒயரை நான் சும்மா விடவில்லை. மண்டிக்காரரின் மச்சான் பள்ளிக்கூட மூலைக்கு அந்தப் பக்கம் புது வீடு கட்டி, கலர் டிவி வாங்கி, படம் மங்கலாக இருக்கிறது என்று தினமும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். புங்க மரத்திலிருந்து அவர் வீட்டுக்கு அதைத் திருப்பிவிட்டேன். கடைவீதியில் எனக்கு நல்ல பேர் கிடைத்தது.

வெயில் ஏறத் தொடங்கிய நாளில் ஒரு பகல். கடையில் ஒரு டேப்ரிகார்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி வீட்டு மகள் செருப்பில்லாமல் ஓடிவந்து நின்றது.

"அண்ணா, அம்மா உங்களக் கூப்புடறாங்க. ஒடனே வருவீங்களாம்."

போய்ப் பார்த்தால் வாசல் நிறைய ஆட்கள். தாலுகா ஆபீசிலிருந்து இருவர் வந்திருந்தார்கள், கோயில் சாமியாரும் கூட இருந்தார். புருஷன் சுவரோரம் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்ற சேதியைக் கொண்டுவந்திருந்தார்கள். நடந்து பல வாரம் ஆகிவிட்டது, சேதி சுற்றி வருவதற்குள் நாளாகிவிட்டது, அங்கேயே காரியத்தை முடித்துவிட்டார்கள் என்று ஆபீஸ்காரர் தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னார்.

அந்த அம்மா அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். புளி அடித்த கை, பிசுபிசுத்தது.

"பல வாரம் ஆச்சிங்கறாங்க தம்பி. நேத்து நியூஸ்ல வந்தானே. நீங்களே சொல்லுங்க, நீங்களும் பாத்தீங்கல்ல? மூணாவதா நடந்து வருவானா இல்லியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாமியார் என்னைப் பார்த்தார், ஆபீஸ்காரர்கள் பார்த்தார்கள். புருஷன் மட்டும் நிமிரவில்லை. எனக்குப் புள்ளிதான் தெரிந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் புள்ளிக்கு யார் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

"பாத்தனுங்கம்மா" என்றேன்.

"கேட்டீங்களா? டிவிக்காரரே சொல்றாரு" என்று ஆபீஸ்காரர்கள் பக்கம் திரும்பினார். எங்கள் ஊரில் டிவி விஷயத்தில் எனக்கு மேலே ஆள் கிடையாது.

அந்த ஒரு வார்த்தையை நான் சாதாரணமாகத்தான் நினைத்தேன். துக்க வீட்டில் ஆறுதலுக்குச் சொல்வதுதானே, நாலு நாளில் அவரே தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தெளியவில்லை. அவன் ஆத்துமாவுக்குக் கோயிலில் பூசை வைக்க நாள் குறித்தார்கள். "உசுரோட இருக்கறவனுக்கு எங்கியாவது பூசை வெப்பாங்களா?" என்று கேட்டு, வரமாட்டேன் என்றார். தாய் இல்லாமல் வைக்க வேண்டாம் என்று புருஷன் தள்ளிப்போட்டார். சாமியார் வந்து பேசிப் பார்த்துவிட்டுப் போனார். தெருப் பெண்கள் துக்கம் கேட்க வந்தால் அவர்களுக்குக் காபி கொடுத்து, மகன் இளைத்திருப்பதைப் பற்றிப் பேசி அனுப்பினார். வீட்டில் யாரும் கண்கலங்கக் கூடாது. யாராவது மூக்கை உறிஞ்சினால், "நல்ல வூட்ல என்ன அழுவாச்சி?" என்று சீறுவார்.

இதெல்லாம் மகள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைக்குள் வரவில்லை. வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னது.

"எங்கப்பா கொல்லைக்குப் போயி அழுதுட்டு, கெணத்துல மூஞ்சி கழுவிக்கிட்டு வூட்டுக்கு வராருங்கண்ணா. நான் மிஷின வேகமா ஓட்டிக்கிட்டு அழுவறன், சத்தம் கேக்காதுன்னு. அம்மா சாமியார நம்பல, பட்டாளத்துல இருந்து வந்த காயிதத்த நம்பல. உங்களத்தான் நம்பறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க பாக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றது. "நீங்களே வந்து சொல்லுங்கண்ணா. எங்களுக்கு அழுவணும்."

போனேன். அந்த அம்மா என்னை உட்காரவைத்து, டிவியின் மரக்கதவைத் திறந்து வைத்து, காபி கொடுத்தார். நீங்க வந்தாத்தான் எனக்குத் தெம்பு தம்பி என்றார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு நாளும் போனேன், இன்னொரு காபி. ஒரு பாவமும் செய்யாத அந்தப் பெண் வாசலில் நின்று, நான் வெறும் வாயோடு திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

வாயால் சொல்லத் துப்பில்லாதவன் ஒயரால் சொல்லலாம் என்று கடைசியில் எனக்குத் தோன்றியது. அதுவும் கோழைத்தனம்தான், எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் நியூஸுக்கு முன்னால் ஏணியைப் புங்க மரத்தில் சாத்தி ஏறினேன். மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். புருஷனும் கொல்லையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். தெருவில் எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாசல்களில் நின்றார்கள். டப்பாவை அவிழ்த்தேன். மச்சான் வீட்டுக்குப் போகிற ஒயரைக் கழற்றினேன். கடைசி வீட்டின் பழைய ஒயரைப் பிடுங்கிவிட்டு, நல்லதை அதன் இடத்தில் முறுக்கினேன். செம்புக் கம்பி விரலில் குத்தியது. நியூஸ் சத்தம் தெரு முழுக்க ஒரே குரலாகக் கேட்டது.

"தெரியுதுங்களா?" என்று கத்தினேன்.

யாரும் அதை எடுத்து அடுத்த வீட்டுக்குச் சொல்லவில்லை. முதல் வீட்டுக்காரர் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். என் கேள்வி மரத்தடியிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ முறை இந்தத் தெருவில் ஓடிய கேள்வி.

மறுபடி கத்தினேன். இந்த முறை கடைசி வீடு வரைக்கும் என் குரலே போக வேண்டியிருந்தது.

"தெரியுதுங்களாம்மா?"

நியூஸில் பட்டாளத்தைப் பற்றிய பகுதி வந்து முடிந்தது. அடுத்து மழையைப் பற்றி ஏதோ சொன்னார்கள். அந்த அம்மா வாசலுக்கு வந்தார். ஜெபமாலை கையில் இருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, மரத்தின் மேலே இருந்த என்னைத் தேடிப் பார்த்தார்.

"தெரியுது தம்பி" என்றார். "எல்லார் மூஞ்சியும் நல்லாத் தெரியுது."

அப்புறம், "அவன் இல்லீங்க" என்றார்.

அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து மகள் வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டது. புருஷன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த மூன்று பேரின் அழுகையும் ஒன்றாகக் கிளம்பியது. கோயில் தெருவில் ஒவ்வொரு வீடாக டிவியை நிறுத்திவிட்டு அந்த வாசலுக்குப் போனார்கள்.

நான் ஏணியிலேயே நின்றேன். இறங்கி அங்கே போக எனக்கு என்ன முகம் இருக்கிறது? அப்போது பள்ளிக்கூட மூலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. மச்சான் வீட்டில் யாரோ ஆரம்பித்தது, அடுத்த வீடு வாங்கி அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுத்து, மூலை திரும்பி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"படம் போயிடிச்சாம்! என்னன்னு கேக்கறாங்க! படம் போயிடிச்சாம்!"

டப்பாவைக் கவிழ்த்துக் கட்டினேன்.